எலும்பு தெரியாத படங்கள்

புதுத் தட்டு மாட்டிய பிறகும் எக்ஸ்ரே படங்கள் சாம்பல் பூத்தே வந்தன. படம் எடுப்பவளுக்கு அழுகை முட்டியது. படம் பதியும் தட்டுதான் பழுது என்று மேனேஜரோடு மல்லுக்கட்டி மாற்ற வைத்தவளே அவள்தான்.

"இதுல எலும்பு எது, சதை எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று எலும்பு டாக்டர் போனில் மறுபடியும் கடுகடுத்தார்.

மதியம் அவள் தம்பி பைக்கிலிருந்து விழுந்து, வீங்கிய மணிக்கட்டோடு வந்தான். கைக்கு வழக்கமாக வைக்கும் ஐம்பத்தைந்து கிலோவோல்ட்டில் எடுத்தாள். அதே சாம்பல்.

"இன்னொன்னு எடுத்துப் பாரேன்க்கா."

"சும்மா சும்மா உம்மேல கதிர அடிக்கச் சொல்றியா? வேற ஆஸ்பத்திரிக்குப் போடா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் சர்வீஸ்காரர் வந்தார். போன முறை போலவே, "மெஷின்ல வோல்டேஜ் நம்பர் சரியாத்தானே காட்டுது" என்றார். அவள் வாசலை மறித்து நின்றாள். முணுமுணுத்தபடி காரிலிருந்து அளவுமானியை எடுத்துவந்து வைத்தார். திரையில் ஐம்பத்தைந்து, மானியில் எழுபத்தெட்டு.

அவர் குரல் இறங்கியது. "வோல்டேஜ் ஏறுனா கதிருக்கு வீரியம் கூடிரும் மேடம். எலும்பு தடுக்க வேண்டிய கதிரெல்லாம் சதையில போற மாதிரியே துளைச்சுக்கிட்டுப் போயிருது. அப்புறம் எலும்போட நிழல் எங்க விழும்?"

"குறைச்சு வெச்சு எடுக்கலாமா?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி ஏறுது. திடீர்னு ரொம்ப இறங்கிட்டா, கதிர் உடம்புக்குள்ளயே நின்னுரும். படமும் வராது, உடம்புக்கும் கேடு. பார்ட் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

அறையைப் பூட்டினாள். "அன்னிக்குத் தட்டுன்னீங்க, இன்னிக்கு ரூமையே மூடுறீங்க" என்றார் மேனேஜர். காத்திருந்தவர்கள் அவளைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள்.

தம்பி போன் செய்தான். "முறிவுதான்க்கா. மாவுக்கட்டு போட்டாச்சு. நல்லவேளை, ஒன்னுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பாம விட்ட."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? நேராக எலும்பு டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சாம்பலா வந்த படம் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும் டாக்டர். சந்தேகம்னா கூப்பிட்டு வேற இடத்துல எடுக்கச் சொல்லணும்."

"எல்லாரையுமா? என்னைத்தானே கிழிப்பாங்க?"

"நம்ம ரெண்டு பேரையும்தான்."

அவர் பெருமூச்சோடு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.