பெயர் தேய்ந்த பதக்கம்

கணவன் டூகி இறந்து எட்டு நாளாகிறது, எனக்கு ஏன் இன்னும் அழுகையே வரவில்லை என்று மொராக் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே கணவனின் நண்பன் ஃபெர்கஸ், ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் அணி ஆட்டக்காரன் ஒருவன் 1880களில் வென்று, பின்னாளில் டூகியிடம் வந்து சேர்ந்த கால்பந்துப் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். பெயர் வெட்டியிருந்த இடம் வழவழவென்றிருந்தது. கல்யாணமான புதிதில், கணவன் மகிழ்வான் என்று அவள்தான் பொடி போட்டுத் தேய்த்திருந்தாள். டூகி மூன்று நாள் பேசவில்லை.

“பதக்கத்தைப் பாத்திரம்னு நெனச்சவ நீ ஒருத்திதான்,” என்று ஃபெர்கஸ் சிரித்தான். “தேய்க்கறதுக்கு முந்தி அந்த ஆட்டக்காரனோட லெனாக்ஸ்ங்கற பேரைப் பாத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. பேர் இல்லாம அருங்காட்சியகத்துல எடுக்க மாட்டாங்க. அங்க வைக்கணும்னுதானே அவன் ஆசைப்பட்டான்?”

ஆசைப்பட்டது உண்மைதான். அவள் பேனாவை அவன் பக்கமே நகர்த்தினாள்.

“நான் பேரைப் பாக்கவே இல்ல, ஃபெர்கஸ். தேய்க்கறதுலயே கண்ணா இருந்தேன்.”