முப்பத்தொன்றாம் வரி

மின்சாரம் போன பதினோராம் நாளும் சுகாதார நிலையத்துத் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குள் நாலு டிகிரிதான் இருந்தது, ஏனென்றால் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, மருந்துக் கிடங்கு அவள் பொறுப்பு. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்ததால் நிலையத்தில் எல்லோரும் அவளை டிகிரி என்றே கூப்பிட்டார்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கதவைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, எண்ணை எழுத வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எட்டைத் தாண்டினால் மருந்து வாடிவிடும், உறைந்தாலோ மொத்தமும் வீண். கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் குப்பியில் ஒன்றுபோலவே தெரியும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அக்காவின் கல்யாணம். சனிக்கிழமை மதியமே கிளம்ப வேண்டியிருந்ததால், சனி மாலைக்கும் ஞாயிறு இரண்டு வேளைக்கும் திங்கள் காலைக்கும் நாலு, நாலு, நாலு, நாலு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ஓடினாள். அன்று மாலை இடி விழுந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. திங்கட்கிழமை அவள் மூச்சிரைக்க வந்து பார்த்தபோது ஃபிரிட்ஜ் சத்தமே இல்லாமல் நின்றது, உள்விளக்கு எரியவில்லை, பக்கத்து அறையில் நர்ஸ் வைத்திருந்த பால் திரிந்து நாறியது, வெப்பமானி நாலு காட்டியது. பயத்தில் அந்த வாரம் முழுவதற்கும் நாலு எழுதினாள். வாரம் முழுவதும் நாலாகவே இருந்தது.

மின்சாரம் திரும்பிய பிறகும் ஃபிரிட்ஜ் உறுமவில்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான தாய்மாமாவை ரகசியமாக வரவழைத்தாள். அவர் பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, முன்னால் வந்து கதவைத் திறந்து உள்ளே கையை வைத்து, மறுபடியும் பின்னால் போனார்.

"கழுத, கம்ப்ரஸர் கருகிக் கெடக்கு. கேஸும் இல்ல. இது பெட்டிடி, ஃபிரிட்ஜ் இல்ல."

"ஆனா குளிருதே மாமா."

"அதான் எனக்கும் புரியல. இருபத்தேழு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், செத்த பொணத்துக்கு ஜலதோஷம் புடிச்சு இப்பத்தான் பாக்கறேன்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார். இப்படிப் பதினாலு மாதம் ஓடியது. மாதத்தின் முதல் நாள் காலையில் அவள் உட்கார்ந்து அட்டவணை முழுவதையும் நிரப்பிவிடுவாள். ஒருமுறை சோதித்துப் பார்க்க ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் ஐந்து போட்டாள். செவ்வாய் ஐந்தாக இருந்து, புதன் விடிந்ததும் நாலுக்குத் திரும்பிவிட்டது. அந்த வட்டாரத்திலேயே ஒரு குப்பிகூட வீணாகாத நிலையம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் டிகிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அக்கா கர்ப்பமானது அந்த நேரத்தில்தான். அவளுக்கு ரத்தம் குறைவு. பிரசவத்தில் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், இங்கே ரத்தம் வைக்க வசதி இல்லை, மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார் நிலையத்தின் டாக்டரம்மா. சொன்னதோடு நிற்காமல், ரத்தத்துக்குத் தனி ஃபிரிட்ஜ் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் நிலையத்தின் ஃபிரிட்ஜ் பதினாலு மாதமாக, ஒரே ஒரு செவ்வாயைத் தவிர, நாலு டிகிரியை விட்டு அசையாததைப் பதிவுகளில் கண்டு மகிழ்ந்தோம், புதிது எதுவும் தேவையில்லை, ரத்தத்தையும் அதிலேயே வைத்துக்கொள்ளவும். அக்கா அந்தச் செய்தியைக் கேட்டு, "அப்பாடா, என் தங்கச்சி ஃபிரிட்ஜுல என் ரத்தம். இனி எனக்கென்னடி பயம்?" என்று சிரித்தாள். டிகிரி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ரத்தப் பைகள் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய மாதத்துக்கு அட்டவணை அச்சடிக்கிற ஆளை மாற்றியிருந்தார்கள். புது ஆள் காகிதத்தை மிச்சம் பிடிக்க முப்பது வரியோடு நிறுத்திவிட்டான். டிகிரி வழக்கம்போல முதல் நாளே முப்பதையும் நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள். முப்பத்தொன்றாம் தேதி காலையில் கதவைத் திறந்தபோது வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. அந்த நாளுக்கு என்ன செய்ய வேண்டுமென்று யாரும் எழுதி வைக்காததால், ஃபிரிட்ஜ் அறையோடு அறையாக இருபத்தொன்பது டிகிரியில் இருந்தது.

முதலில் கை வேலையைத்தான் செய்தது. ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்து, லேபிளில் இருக்கும் வட்டத்தைப் பார்த்தாள். வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும், சூடு பட்டால் அது கறுத்துக்கொண்டே போய் வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிடும். ஏழு குப்பியில் வந்துவிட்டிருந்தது. ஏழையும் தனியே ஒதுக்கினாள். மற்றதெல்லாம் இன்னும் வெளிறியே இருந்தது. டாக்டரம்மா அறை ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பொட்டலங்களை எடுத்து, காதருகில் வைத்துக் குலுக்கி, உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, பிறகே குளிர்ப்பெட்டியில் அடுக்கினாள். அவசரப்பட்டால் வெயிலில் தப்பியது பனியில் செத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு, ஸ்கேலை வைத்து அட்டவணையின் அடியில் முப்பத்தொன்றாவதாக ஒரு வரி போட்டாள். பேனா முனை கட்டத்தைத் தொட்டது. நாலு என்று எழுதினால் போதும், அரை நிமிடத்தில் குளிர்ந்துவிடும், பாராட்டுக் கடிதம் சுவரிலேயே இருக்கும், வேலையும் இருக்கும். அக்காவின் ரத்தம் ஐந்தாம் தேதி இந்தச் செத்த பெட்டிக்குள் வந்து, இவளுடைய பேனாவை நம்பிக் கிடக்கும். இருபத்தொன்பது என்று எழுதினாள். ஃபிரிட்ஜ் சொன்ன பேச்சைக் கேட்டு, நாள் முழுவதும் இருபத்தொன்பதிலேயே நின்றது.

அட்டவணையையும் ஏழு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், பதினாலு மாசமா நான் பாத்து எழுதல. எழுதினது அப்படியே நடந்துச்சு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்தார். அச்சடித்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவருடைய கையெழுத்து இருந்தது.

"ஏம்மா, நான் மட்டும் என்ன பாத்தா கையெழுத்துப் போட்டேன்?" என்றார். "மொத்த மாசத்துக்கும் ஒண்ணாந்தேதியே போட்டுடுவேன். உக்காரு. முதல்ல தண்ணி குடி."

முப்பத்தொன்றாம் வரியின் நகல் தலைமை அலுவலகத்துக்குப் போனது. கீழே இருவரும் தங்கள் தவறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இருவருக்கும் ஆளுக்கொரு கண்டனக் கடிதமும், நிலையத்துக்கு இரண்டு ஃபிரிட்ஜுக்கான அனுமதியும் ஒரே உறையில் வந்தன. ரத்தம் வருவதையும் ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். வாங்கப் போனவர்கள் டிகிரியும் மாமாவும். கடைக்காரர் பளபளவென்று இரட்டைக் கதவு வைத்த வீட்டு ஃபிரிட்ஜைக் காட்டினார். மாமா பையிலிருந்து ஒன்பது வெப்பமானியை எடுத்து எட்டு மூலைக்கு எட்டும் நடுவில் ஒன்றுமாக வைத்துக் கதவைச் சாத்தி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாலையில் பார்த்தால் மேல்தட்டில் மைனஸ் ஒன்று, கதவுத் தட்டில் பதினொன்று.

"காய்கறிக்குச் சரி. கொழந்தைங்க ஊசிக்கு ஆகாது" என்றார் மாமா. அடுத்து குளிர்பானம் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ். பிளக்கைப் பிடுங்கிய இருபதாவது நிமிடத்தில் எட்டைத் தாண்டியது. கடைக்காரருக்குப் பொறுமை போனது.

"ஃபிரிட்ஜ் பாக்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

"மாப்பிள்ளை சரியில்லன்னா திருப்பி அனுப்பலாம்யா" என்றார் மாமா.

மூன்றாவது மருத்துவத்துக்கென்றே செய்தது. ஒன்பது இடத்திலும் மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு பகல் முழுக்கத் தாங்கியது. கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் கூச்சல் போட்டது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே எண்ணைப் பதிந்துகொண்டது. அதில் ஒன்றைத் தடுப்பூசிக்கும், அதே கம்பெனியின் இழுப்பறை வைத்த இன்னொன்றை ரத்தத்துக்கும் வாங்கினார்கள். வந்த முதல் நாள் டிகிரி பழக்கதோஷத்தில் அட்டவணையில் முன்கூட்டியே நாலு எழுதிவிட்டாள். புது ஃபிரிட்ஜ் அதைச் சட்டைசெய்யாமல் நாலு புள்ளி ஆறு காட்டியது. அவள் நாலை அடித்துவிட்டு நாலு புள்ளி ஆறு என்று திருத்தி எழுதினாள். அன்று வெகுநாளைக்குப் பிறகு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள் என்று அவள் அம்மா சொல்கிறார்.

அக்காவுக்குப் பிரசவம் ஒரு வியாழக்கிழமை. பயந்தபடியே ரத்தம் நிறையப் போனது. டிகிரி இழுப்பறையைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, வாய்விட்டுப் படித்து, இரண்டு பைகளை நர்ஸிடம் கொடுத்தாள். இரண்டும் ஏறின. மதியத்துக்குள் அக்காவின் உதட்டில் நிறம் திரும்பியது, குழந்தையின் அழுகை மருந்துக் கிடங்கு வரை கேட்டது. "நல்ல சில்லுனு இருந்துச்சுடி உன் ரத்தம்" என்றாள் அக்கா. உன் ரத்தம்தான் அக்கா என்று டிகிரி அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

பழைய ஃபிரிட்ஜைக் காயலான் கடைக்குப் போட மாமாவுக்கு மனம் வரவில்லை. கதவைக் கழற்றி, தாய்மார்கள் காத்திருக்கும் கூடத்தின் ஒரு மூலையில் நிறுத்தி, பக்கவாட்டில் அட்டவணையை ஒட்டினார். மாதத்தின் முதல் நாள் டிகிரி அதில் எல்லா வரியிலும் இருபத்திநாலு என்று எழுதுகிறாள். வெளியே தார் உருகும் வெயிலிலும் கூடத்தில் இருபத்திநாலுதான், மின்விசிறி கிடையாது, பிளக்கும் கிடையாது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் இரண்டு நிமிடம் அழுதுவிட்டுத் தூங்கிவிடுகின்றன. முப்பத்தொன்று வரும் மாதங்களில் மட்டும் ஸ்கேல் வைத்து அடியில் ஒரு வரி கூடுதலாகப் போட வேண்டும். அதை மாமா பார்த்துக்கொள்கிறார்.