பாலம் ஏறும் சத்தம்

என் மகள் லிஃப்ட் மெக்கானிக், நான் பைக் மெக்கானிக். ஒரே வீட்டில் இரண்டு மெக்கானிக் இருந்தால் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும் என்பாள் என் மனைவி. அதில் பொய் இல்லை. இன்றைக்கும் அதன் கீழே ஒரு வாளி இருக்கிறது.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. பட்டறை வாசலில் நின்றால் தெரு நேராகப் போய் முக்கில் திரும்பிப் பாலத்தில் ஏறும். பாலம் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காதுக்கு நன்றாகத் தெரியும். அதில் போகிற வண்டி எந்த ரகம், எந்த கியரில் போகிறது, செயின் தளர்ந்திருக்கிறதா என்று இங்கே ஸ்பேனரைப் பிடித்தபடியே சொல்லிவிடுவேன். இதை ஒரு திறமை என்று பல வருஷம் பீற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியதுதான்.

மகளிடம் ஒரு பைக் இருக்கிறது, அவள் சம்பாத்தியத்தில் அவளே வாங்கியது. படுத்துக்கொண்டு ஓட்டுகிற ரேஸ் ரகம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. வாங்கி வந்து நிறுத்திய அன்று நானும் இரண்டு முறை சுற்றி வந்து, டயரைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வண்டிதான்" என்று சொல்லித் தொலைத்தேன். மெக்கானிக் வாய் அப்பன் வாயை முந்திக்கொண்டது.

ஒரு விடுமுறை நாள் காலையில் வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். இடது பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கைப்பிடி முனை தேய்ந்து வெள்ளையாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"லாரிக்காரன் பாக்காம ஒதுக்கிட்டான். ஹாரன் அடிச்சேன், அவன் காதுல விழலை. இந்த வண்டி பூனை மாதிரி போகுதுப்பா, பக்கத்துல வந்தாக்கூட யாருக்கும் தெரிய மாட்டேங்குது. சத்தத்தை அமுக்கற தட்டு உள்ள இருக்குல்ல, அதைக் கழட்டிக் குடு."

இந்த மாதிரி வண்டிகளில் இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு உண்டு. ஒன்று நம் கை திருகினால் திறப்பது. இன்னொன்று வண்டியின் கம்ப்யூட்டர் பார்த்துத் திறப்பது. நாம் ஆத்திரப்பட்டு முழுசாகத் திருகினாலும் அந்த இரண்டாவது தட்டு, பொறு பொறு என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழி விடும். அதனால் சத்தமும் அடங்கும், இழுப்பும் அடங்கும். வண்டியில் இருப்பதிலேயே புத்தியுள்ள சாமான் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

"முடியாது" என்றேன்.

"சரி. சுத்தியல்கிட்ட குடுத்துக்கறேன்."

சுத்தியல் என்பது அடுத்த தெரு மெக்கானிக். எதையும் தட்டித்தான் கழற்றுவான் என்பதால் அந்தப் பெயர். அந்தத் தட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் சுண்டு விரல் நகம் அளவுகூட இருக்காது. கழன்று வராமலிருக்க அவற்றின் முனையைக் கம்பெனியிலேயே நசுக்கி வைத்திருப்பார்கள். கை தவறி ஒன்று உள்ளே விழுந்தால் இஞ்சின் காலி, ஓட்டத்தில் இஞ்சின் இறுகிச் சக்கரம் நின்றால் ஆளும் காலி. சுத்தியல் கையில் அதை விடுவதற்கு நானே செய்வது மேல். அவளுக்கும் அது தெரியும். லிஃப்டில் எந்த பட்டனை அமுக்கினால் எந்தக் கதவு திறக்கும் என்பது அவள் தொழில்.

டேங்கைத் தூக்கி, ஃபில்டர் பெட்டியை எடுத்து, குழாய் ஒவ்வொன்றுக்குள்ளும் துணியைத் திணித்துவிட்டு, திருகின் நசுங்கிய முனைகளை அரத்தால் ராவினேன். அவள் எதிரே உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். தட்டுகளை எடுத்துவிட்டு, அவற்றைத் திருப்புகிற சின்ன மோட்டாரை மட்டும் அப்படியே விட்டேன். அதையும் எடுத்தால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். அது பாட்டுக்கு வெறும் கம்பியைத் திருப்பிக்கொண்டிருக்கும், வேலை நடக்கிறது என்ற நினைப்பில்.

மாலையில் வண்டியை முடுக்கினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையான சத்தம். அடி வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கத்துகிற சத்தம். பக்கத்துக் கடை டயர்க்காரர் டீ கிளாஸோடு வெளியே வந்து பார்த்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அவள் வேலை முடிந்து வரும்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

பாலத்தின் அந்தக் கோடியிலேயே கேட்டது. இரண்டாவது கியரில் ஏறினாள். மூன்று. சத்தம் உச்சிக்குப் போய்த்தான் நான்கு. பாலத்தின் நடுவில் ஒரு வளைவு உண்டு. அங்கே எவனாக இருந்தாலும் கையைத் தளர்த்துவான், சத்தம் ஒரு நொடி தொய்யும். இவளுக்குத் தொய்யவில்லை. ஐந்து. என் கையிலிருந்த பிளக் கீழே விழுந்து உருண்டது. இத்தனை நாளும் இவள் இப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் கேட்காமல் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி கதவருகே வந்தாள். "நம்ம பொண்ணு வண்டியா அது? எங்கே வர்றா?"

"பாலத்துல."

"வேகமா வர்றாளா?"

"இல்லை. மெதுவாத்தான் வர்றா. சத்தம்தான் பெரிசு."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே மகளுக்கு ஃபோன் போடுகிறவள்.

மகள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திட்ட வாயெடுத்தவன் கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

"பாலத்துல எவ்வளவுல வந்தே?"

"அறுபது."

"அஞ்சாவது கியர்ல உச்சி சத்தத்துல அறுபதா? யாருகிட்ட கதை விடறே?"

அவள் சிரித்தாள். "ஒட்டுக் கேக்கறியா?"

"தெருவுக்கே கேக்குது, நான் வேற ஒட்டுக் கேக்கணுமா? அந்த வளைவுலகூட நீ கையைத் தளர்த்தலை."

சிரிப்பு நின்றது. "பத்தாவது மாடிக்கும் பதினோராவது மாடிக்கும் நடுவுல ஒரு அம்மா கைக்குழந்தையோட மாட்டிக்கிட்டு நிக்கறாங்கன்னு ஃபோன் வருதுப்பா. நான் எப்படிப் போகணும்?"

"அது போகும்போது. இப்ப வீட்டுக்குத்தானே வர்றே? இங்கே யாரு மாட்டிக்கிட்டு நிக்கறாங்க?"

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் பிழைப்பு நாறிப்போனது. தினமும் சாயங்காலம் கையும் ஓடாது, காலும் ஓடாது. வந்த வண்டிக்காரர்கள் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. பாலத்தில் சத்தம் கேட்கும்வரை ஒரு பயம், கேட்க ஆரம்பித்தால் வேறு பயம். கெஞ்சிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். சாவியைப் பிடுங்கி வைத்தேன். மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது.

டயர்க்காரர் யோசனை சொல்லவும் மறக்கவில்லை. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, தானா அடங்கிடும்."

"பின்னால இன்னொருத்தன் உக்காருவான். எனக்குப் பயம் டபுளாகும், அவ்வளவுதான்."

வேறு ஒரு யோசனையும் எனக்கு வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. கைப்பிடி பாதிக்கு மேல் திரும்பாதபடி உள்ளே ஒரு துண்டு இரும்பை வைத்துவிடலாம். ஒரு மணி நேர வேலை, அவள் கண்டுபிடிக்க நாளாகும். ஒருநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது டேங்க் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தும்விட்டேன். அப்புறம் யோசித்தேன். லாரியைத் தாண்டுகிறாள், எதிரே பஸ் வருகிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் தப்பிக்கலாம் என்கிற நேரத்தில் வண்டி இழுக்காமல் போனால்? அப்போது அவளைக் கொல்வது லாரி இல்லை, நான். ஸ்பேனரை எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது அன்றுதான்.

கடைசியில் அந்தத் தட்டுகளையே எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். "இதைத் திரும்பப் போட்டுடறேன். மாட்டேன்னு சொல்லாதே."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை.

"போடுப்பா. ஆனா அதைப் போட்டா நான் மெதுவாப் போவேன்னு நினைக்காதே. உனக்குக் கேக்காது, அவ்வளவுதான்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மெல்லச் சொன்னாள். "நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள்ள கிரீஸோட நிக்கறேன். எனக்குன்னு இருக்கறது அந்தப் பாலம் மட்டும்தான். அதுல போகும்போது எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா."

ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? முறுகிப் போன ஹாண்டிலும் ரத்தக் கறை படிந்த சீட்டுமாக எத்தனை வண்டி என் பட்டறைக்கு வந்திருக்கிறது. அவற்றைக் கழுவித் துடைத்துத்தான் இவளைப் படிக்க வைத்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். திரும்ப மாட்டவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. கேட்டுக்கொண்டே சாவதா, கேட்காமல் சாவதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மழை விட்டு ரோடு வழுவழுவென்று இருந்தது. சத்தம் பாலத்தில் ஏறியது. மனைவி வழக்கம்போலக் கதவருகே வந்தாள்.

"மெதுவாத்தான் வர்றா" என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

மூன்று. நான்கு. வளைவு வந்தது. சட்டென்று சத்தம் அறுந்தது. ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஹாரன் நின்றபிறகும் ஒன்றும் கேட்கவில்லை. டயர்க்காரர் கடையில் காற்றடிக்கும் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கத்த நினைத்தேன்.

பிறகு மெதுவாக, முதல் கியரில், சத்தம் கிளம்பியது. இரண்டு. அப்படியே பாலம் இறங்கியது.

"மெதுவாத்தான் வர்றாளா?" என்றாள் மனைவி. குரல் பக்கத்திலிருந்து வந்தது. எப்போது என்னருகே வந்தாள் என்று தெரியவில்லை.

"ம்."

"நீங்க சொல்றதை நான் என்னைக்குங்க நம்பினேன்? நான் உங்க கையைத்தான் பாக்கறேன்."

குனிந்து பார்த்தேன். என் வலது கை எதையோ இறுகப் பிடித்ததுபோல் மூடியிருந்தது. மணிக்கட்டு முன்பக்கமாக மடங்கி, நரம்பு புடைத்திருந்தது. கைப்பிடியை முன்னால் திருகித்தான் வண்டியின் வேகத்தைக் குறைப்பார்கள்.

"அவ பாலம் ஏறினா உங்க கை இப்படித் திருகும். இறங்கற வரைக்கும் விடாது. முதல் நாள்லேருந்து பாக்கறேன்."

"ஏன் என்னைக் கேக்கலை?"

"கேட்டா என்ன பண்ணுவீங்க?"

மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

மகள் வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "என்ன ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கறீங்க?" என்றாள்.

"சும்மாதான். உள்ள வா, சாப்பிடலாம்" என்றாள் அவள் அம்மா.

அதற்குள் மகளின் ஃபோன் அடித்தது. கேட்டாள். "எத்தனை பேர்? கதவைத் தள்ளாதீங்க, நான் வந்துடறேன்" என்றாள். எங்களைப் பார்க்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். பாத்துப் போ என்று சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை. சொன்னாலும் ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது.

தெரு முனையில் திரும்பினாள். மனைவி என் வலது கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே போறா?"

"பாலம் ஏறிட்டா."

"வேகமாவா?"

"வேகமாத்தான்" என்றேன்.