நெல்சே எடுத்த இரண்டாம் அடி

பித்துங் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் மகள் கட்டியிருக்கும் வீட்டில் நெல்சேவுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. பொத்தானைத் தட்டினால் சோறு வெந்துவிடுகிறது. ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பாள்.

முன்பு அவள் வாழ்ந்த தீவில் புதன்கிழமைதான் வீட்டு ஜெபம். முறை வைத்து ஒவ்வொரு வீடாக வரும். அடுத்த வாரம் யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டில் காபி தண்ணீராக இருக்கும் என்பதும் தெரியும். ஜெபம் முடிந்ததும் நாற்காலிகளை வாசலுக்குத் தள்ளிவிட்டு மசம்பேர் பாட எழுந்துவிடுவார்கள். வட்டமாக நின்று, கால் எடுத்து வைத்து, கையை வீசிச் சுற்றிக்கொண்டே பாடவேண்டும். பலகைத் தரை அதிரும். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். பெர்டினுஸ் மாமா முதல் அடியை எடுப்பார். என்ன பாட்டு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். இரண்டாம் அடி பெண்களுடையது. அதை எடுப்பவள் நெல்சே. அவள் எடுத்தால்தான் மற்றப் பெண்கள் சேருவார்கள். முதலில் துதிப் பாட்டுகள், பிறகு காதலும் கேலியுமாக ஒரு சுற்று, கடைசியில் பிரிவுப் பாட்டு.

அந்தப் புதன்கிழமைகளில் ஒன்று மட்டும் அவளுக்கு மற்றவற்றோடு கலக்காமல் தனியாக நிற்கிறது. அவள் கணவன் ஆல்பியுஸ் கடலில் காணாமல் போயிருந்த வருஷத்தில் வந்தது அது.

கிறிஸ்துமஸ் கழிந்து சூரை மீன் பிடிக்கப் போனவன் அவன். கூட அடுத்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர். மோட்டார் நின்றுபோய் நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒரு படகுக்காரன் சொன்னான். அதற்குமேல் தகவல் இல்லை. ஈஸ்டரே நெருங்கிவிட்டது. வடக்கே பிலிப்பைன்ஸ் கரை. அங்கே ஒதுங்கிப் பல மாதம் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு.

நெல்சே தினமும் விடியும்போதே கரைக்குப் போய்விடுவாள். வந்து சேரும் ஒவ்வொரு படகிடமும் கேட்பாள். தோட்டத்தில் சாதிக்காய் வெடித்து உதிர்ந்து மண்ணில் கிடந்தது. பொறுக்க ஆள் இல்லை. கேட்டால், "நான் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து ஒரு படகு வந்துட்டுப் போயிட்டா?" என்பாள்.

இன்னொரு மாற்றமும் வந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் ஆல்பியுஸின் அக்கா டெய்ச்சே. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, 'உம் சித்தம் ஆகட்டும்' என்கிற இடம் வந்ததும் நெல்சே வாயை மூடிக்கொள்வாள். அன்றாட அப்பத்தைக் கேட்கும் அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள்.

"அப்பம் கேக்கறதுக்கு மட்டும் வாய் நல்லாத் திறக்குதே உனக்கு," என்றாள் டெய்ச்சே ஒருநாள், கோயில் படியில் இறங்கும்போது.

நெல்சே மறைக்கவில்லை. "அதைச் சொன்னா, 'சரி, அவரை நீயே வச்சுக்கோ'ன்னு ஆண்டவருக்கு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும் அண்ணி."

"நீ கையெழுத்துப் போடற வரைக்கும் ஆண்டவர் பேனாவை நீட்டிக்கிட்டு நிக்கிறாரா?"

"நிக்கட்டும்."

டெய்ச்சே விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். அவன் அவளுக்குத் தம்பிதானே.

இப்படி இருக்கும்போதுதான் நெல்சே வீட்டு முறை வந்தது. வேண்டுமானால் தள்ளிவைக்கலாம் என்று போதகர் சொல்லியனுப்பினார். தள்ளிவைத்தால் துக்க வீடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் வரச் சொன்னாள். வாழைக்காய் பொரித்தாள், மிளகாய் போட்டுக் கருவாட்டுச் சம்பல் இடித்தாள். பெர்டினுஸ் மாமாவை மட்டும் முன்னதாகவே தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, எத்தனை பாட்டு வேணும்னாலும் பாடுங்க. பிரிவுப் பாட்டு மட்டும் இந்த வீட்டுல வேணாம்."

"இதைச் சொல்லணுமா புள்ளே? என் வாயில வந்துட்டா இந்தச் சம்பலை அள்ளிக் கண்ணுல தேய்ச்சுக்கறேன்."

அன்று வீடு நிறைந்துவிட்டது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். வேதம் வாசித்தார்கள். ஜெபித்தார்கள். அந்த வரியில் நெல்சே வழக்கம்போல் மௌனமாக இருந்தாள். பிறகு நாற்காலிகள் வாசலுக்குப் போயின. வட்டம் சுற்ற ஆரம்பித்தது. முதலில் எல்லோரும் கொஞ்சம் அடக்கித்தான் பாடினார்கள். பெர்டினுஸ் மாமா ஒரு கேலிப் பாட்டை எடுத்து, நடுவில் தன் வழுக்கையையே இழுத்துவிட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. நெல்சே வட்டத்தில் சேரவில்லை. பெண்கள் பகுதியை டெய்ச்சே சுமாராக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

பாட்டு நீண்டுகொண்டே போனது. சும்மா நிற்க முடியாமல் நெல்சே தட்டை எடுத்துக்கொண்டு காலிக் கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். கோப்பையோடு கோப்பை மோதிச் சத்தம் எழுந்தது.

அந்த ஊரில் கோப்பை பொறுக்கும் சத்தம் கேட்டால் கடைசிச் சுற்று என்று அர்த்தம். பெர்டினுஸ் மாமாவுக்குத் தலைமுடி இருந்த காலத்திலிருந்தே பழகிப்போன விஷயம் அது. அவர் காது கேட்டது, கால் திரும்பியது, வாய் திறந்துவிட்டது.

"கயிற்றை அவிழ்த்துவிட்டேன் ஆண்டவரே..."

எடுத்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டார். வட்டம் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றது. ஆரம்பித்த பாட்டைப் பாதியில் விடக்கூடாது என்பது மசம்பேரில் எல்லோருக்கும் தெரிந்த கட்டளை. ஆனால் அடுத்த அடியை எடுக்க அந்த வீட்டில் யாருக்கு மனம் வரும்? டெய்ச்சே தரையைப் பார்த்துக்கொண்டாள்.

படகு புறப்படும்போது கரையில் பாடுகிற பாட்டு அது. கயிற்றை அவிழ்த்துவிட்டேன், இனி காற்று உம்முடையது, படகும் உம்முடையது என்று போகும். நெல்சே அதை மற்றவர்களின் படகுகளுக்கு எத்தனையோ தடவை பாடியிருக்கிறாள். ஆல்பியுஸ் புறப்படும்போது ஒரு தடவைகூடப் பாடியதில்லை. தண்ணீர் டின்னைக் கட்டினீங்களா, எண்ணெய் பார்த்தீங்களா, மேகம் கறுத்தால் திரும்பிடுங்க என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே இருப்பாள். படகு கண்ணுக்கு மறைந்த பிறகும் கத்துவாள்.

கையில் தட்டோடு நின்றவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வார்த்தை கேட்டோம், அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே இந்த மனுஷனால் என்று இருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அடிவாங்கப்போகிற பிள்ளையைப் போல் நின்றிருந்தார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. இத்தனை நாளும் விடியும்போதே ஓடிப்போய்க் கரையில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்? கயிறு என் கையில் இருக்கிறது என்றுதானே நினைத்தேன். அது என்றைக்கு என் கையில் இருந்தது?

தட்டைத் தரையில் வைத்தாள்.

"இனி காற்று..." என்று ஆரம்பித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எடுத்தாள். "இனி காற்று உம்முடையது."

பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வட்டம் தயங்கித் தயங்கி நகர்ந்தது. நெல்சே வட்டத்துக்குள் வந்து டெய்ச்சேயின் பக்கத்தில் கால் எடுத்து வைத்தாள். பாட்டில் நாலு சரணம். நாலையும் பாடினார்கள். கண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கால் பிசகவில்லை.

பாட்டு முடிந்து, கலைவதற்குமுன் மறுபடி அந்த ஜெபத்தைச் சொன்னார்கள். அந்த வரி வந்தது. எல்லோரும் சொல்லி முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில், ஒரு நொடி பிந்தி, தனியாக ஒரு குரல் கேட்டது.

"உம் சித்தம் ஆகட்டும்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியை அவளோடு சேர்ந்து சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். டெய்ச்சேயிடமிருந்து குத்தல் ஒன்று வரும் என்று நெல்சே எதிர்பார்த்தாள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கோப்பை கழுவப் போய்விட்டாள்.

பெர்டினுஸ் மாமா வாசற்படியில் தயங்கி நின்றார். "சம்பலைக் கொண்டா புள்ளே. தேய்ச்சுக்கறேன்."

"தீர்ந்துபோச்சு மாமா. நீங்கதானே அதிகமாத் தின்னீங்க?"

மறுநாள் காலை நெல்சே கரைக்குப் போகவில்லை. துறட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மேலே எரிமலை வழக்கம்போல் புகைந்துகொண்டிருந்தது. உதிர்ந்து கிடந்ததில் பாதி அழுகியிருந்தது. மீதியை உடைத்து, கொட்டையைச் சுற்றியிருந்த சிவந்த பத்திரியைத் தனியாக உரித்துப் பாயில் உலர்த்தினாள். நடுவில் இரண்டு தடவை கடலைத் திரும்பிப் பார்த்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயத்தோடேயே வேலை செய்ய முடிந்தது.

ஆல்பியுஸ் வந்தான். மழை ஆரம்பித்த மாதத்தில், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, கன்னம் ஒட்டி, தலைமுடி தோளில் புரள, ஒரு சரக்குப் படகிலிருந்து இறங்கினான். மூன்று பேரையும் பிலிப்பைன்ஸ் மீனவர்கள் தூக்கிக் கரை சேர்த்திருந்தார்கள். ஊரே கரையில் கூடி அழுது சிரித்தது. பன்றி அடித்து விருந்து வைத்தார்கள்.

பித்துங் வீட்டில் இன்று புதன்கிழமை. பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது நெல்சே எப்போதும் சாதிக்காய்த் தோட்டத்தோடு நிறுத்திவிடுவாள்; இன்றும் அப்படித்தான். அது ஆல்பியுஸுக்கு ஆற்றாமை. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே குரல் கொடுத்தான்.

"செத்துப் பிழைச்சு வந்தவன் நான். என்னை விட்டுட்டு அழுகின காயைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கா பாருங்க."

"நீங்க வந்ததைச் சொல்லத்தான் நீங்களே இருக்கீங்களே. தினமும் சொல்றீங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு நின்றதும் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டான்: "நெல்சே, நான் வராமலே போயிருந்தா?"

இத்தனை வருஷத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அழுதிருப்பேன்," என்றாள். "ரொம்ப நாள் அழுதிருப்பேன். அந்த வரியை மறுபடி சொல்ல வராம எத்தனையோ நாள் வாயை மூடிக்கிட்டு நின்னிருப்பேன். அப்புறம் அண்ணி வந்து குத்திக் காட்டியிருப்பா. திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிச்சிருப்பேன்."

ஆல்பியுஸ் தைலக் குப்பியை மூடி வைத்துவிட்டுத் தலையசைத்தான். அந்தப் பதில் அவனுக்குப் போதும் போலிருந்தது. அவளுக்குத்தான் சரியாகச் சொன்னோமா என்று வெகுநேரம் தெரியவில்லை.