ஆறு தேங்காய் கேக்குகளும் ஒரு ஷெரிஃபும்

உலகத் திரைப்பட வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பகுத்துத்தான் பேச வேண்டும் என்பதை மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவிக்கிறேன்: ஆர்லோ ஸ்டகி கேக் தின்பதற்கு முன்னால், தின்ற பிறகு. இடம், லங்காஸ்டருக்கு வடக்கே பாலைவனச் சாலையோரம் ஓர் உணவு விடுதி. நாள், செப்டம்பர் இருபத்தொன்பது. சாட்சி நான். பெயர் வாஹே. படப்பிடிப்புக்கு வேண்டிய சாமான்களைக் கொண்டுவந்து வைப்பது என் வேலை. துப்பாக்கி, கல்யாண மோதிரம், செத்த மீன், கேக் எல்லாம் என் பொறுப்பு.

ஆர்லோவை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெயர்தான் தெரியாது. முப்பத்துநான்கு வருடத்தில் நாற்பத்தொரு தடவை ஷெரிஃப், பத்தொன்பது தடவை நீதிபதி, ஏழு தடவை பிணம் புதைக்கிறவர். ஒரு முறை பிஷப் வேடமும் கிடைத்தது. இரண்டாவது காட்சியிலேயே கழுத்தை நெரித்துவிட்டார்கள். சூப்பர்மார்க்கெட்டில் ஆட்கள் அவரை உற்றுப் பார்த்து, "நீங்க எங்க பல் டாக்டர்தானே?" என்பார்கள். ஒரு கிழவி, "என் நாத்தனாரை ஏமாத்திட்டு ஓடினவன் நீதானேடா!" என்று தர்பூசணியையே ஓங்கிவிட்டாள். பழம் கனமாக இருந்ததால் பிழைத்தார். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்: "முகம் எப்படிப் பதிஞ்சிருக்கு பாத்தியா!"

தொழிலில் அவருக்கு 'ஒரே டேக் ஆர்லோ' என்று பெயர். வருவார், வசனத்தைச் சொல்வார், சாவார், எழுந்து வீட்டுக்குப் போவார்.

அன்று காலை சாப்பாட்டு வண்டி அருகே தட்டில் இருந்த முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆர்லோ, முட்டைய இப்படி முறைக்கிறீங்க? அது உங்க வேஷத்தப் பறிச்சுக்கப் போவுதா?"

"இன்னிக்கச் சேத்தும் ஒரு நாள் குறையுதுப்பா."

வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் நடிகனுக்கு மருத்துவக் காப்பீடு சங்கத்திடமிருந்து வருகிறது. வருடத்துக்கு இத்தனை நாள் வேலை செய்திருந்தால் உண்டு, ஒரு நாள் குறைந்தாலும் இல்லை. அந்த வருடக் கணக்கு மறுநாளோடு முடிகிறது. அவர் மனைவி நோரீனுக்கு நவம்பரில் இடுப்பெலும்பு மாற்றும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

"ஏஜெண்ட்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். தைரியமா இருங்கன்னான். அவனுக்கென்ன, கமிஷன் மாதிரி என் தைரியத்துலயும் பத்து சதவீதம் இருந்தாப் போதும்."

"நோரீனுக்குத் தெரியுமா?"

"வேலை தலைக்கு மேல கிடக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். நல்லாவே நடிச்சேன். ஒரே டேக்."

அன்றைய காட்சி இதுதான். அப்பாவைக் கொன்றவனைத் தேடி வரும் நாயகன், விடுதியில் ஷெரிஃபின் எதிரே உட்கார்ந்து நாலு நிமிடம் மனம் திறந்து அழுவான். ஷெரிஃப் தன் முன்னால் இருக்கும் முழுக் கேக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஒரே ஒரு வாய் தின்றுவிட்டு, "காபி ஆறிடும் தம்பி" என்பார். அவ்வளவுதான் அவர் பங்கு. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

நாயகன் பிரேடன் வேல். முப்பத்தொரு வயது. பாத்திரத்தின் வலியை உணர்வதற்காக மூன்று வாரம் குளிக்காமல் இருந்தான். அந்த வலியை நாங்களும் உணர்ந்தோம். "நான் நடிக்கிறதில்ல. நிகழ்றேன்" என்பான். பதினைந்து டேக்குக்குக் குறைந்து அவன் நிகழ்ந்ததே இல்லை.

இங்கே ஒரு தொழில் ரகசியம். படத்தில் சாப்பிடுகிற காட்சி வந்தால் அனுபவஸ்தன் எதையும் தின்னவே மாட்டான். முதல் டேக்கில் எந்த வார்த்தைக்கு எவ்வளவு கடித்தானோ, அதையே அடுத்த எல்லா டேக்கிலும் கடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் படத் துண்டுகளைச் சேர்க்கும்போது ஒட்டாது. எனவே கிழட்டு நடிகர்கள் காபியைக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள், பட்டாணியைத் தட்டில் ஊர்வலம் விடுவார்கள். முப்பத்துநான்கு வருடத்துத் திரை விருந்துகளில் ஆர்லோ விழுங்கியது மொத்தம் ஒரு பட்டாணி. அதுவும் தவறி உள்ளே போனது.

ஒரு டேக்குக்கு ஒரு துண்டு என்றால் ஒரு கேக்கை, வெட்டிய பக்கத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, ஏழெட்டு டேக் ஓட்டலாம். நான் ஆறு கேக் கொண்டுவந்திருந்தேன். பிரேடனுக்கே அது தாராளம்.

முதல் டேக். பிரேடன், "என் அப்பா..." என்று ஆரம்பித்தான். ஆர்லோ கத்தியைத் தள்ளி வைத்தார். முழுக் கேக்கையும் தன் பக்கம் இழுத்தார். முள்கரண்டியை நட்டநடுவில் குத்தி, கிணறு தோண்டுகிற மாதிரி தோண்டித் தின்னத் தொடங்கினார்.

நான் கேக்குகளை எண்ணினேன். இனி ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு முழுக் கேக். ஆறு டேக்கோடு சரக்குத் தீர்ந்துவிடும். காட்சி மறுநாளுக்குப் போகும். அந்த மனிதர் காலையில் என்னிடம் ஓர் உதவியும் கேட்கவில்லை; இதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இயக்குநர் திட்டுவார் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பசி! அது கேக் பசி இல்ல. நீதிக்கான பசி!"

பிரேடன் எழுந்து வந்து ஆர்லோவின் தோளைத் தொட்டான். "சார், இன்னிக்குத்தான் எனக்கு ஒரு சக கலைஞன் கிடைச்சிருக்கான்." ஆர்லோ தலையை மட்டும் ஆட்டினார். வாய் நிறையத் தேங்காய்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் துப்புவதற்கு வாளியை நீட்டினேன். முதல் மூன்று தடவை வாங்கிக்கொண்டார். நாலாவதில் பிரேடன் வாளியைப் பார்த்து, "துப்புறதா? உண்மையத் துப்பலாமா?" என்று கேட்டுத் தொலைத்தான். இயக்குநரும் ஆமோதித்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உள்ளே போயிற்று. ஐந்தாவதில் ஆர்லோவின் முகம் பச்சையாகிவிட்டது. "என்ன ஒரு குற்ற உணர்ச்சி!" என்றார் இயக்குநர். ஆறாவதில், "காபி ஆறிடும் தம்பி" என்ற வசனம் பாதாளத்திலிருந்து வந்தது. அப்போதும் பிரேடனுக்குக் கண்ணீர் இடது கண்ணில்தான் வந்தது. கேமரா வலது பக்கம்.

"இன்னொண்ணு போலாம் கண்ணுகளா!" என்று கத்தினாள் மார்ஸி. உதவி இயக்குநர், ஊரையே கடிகாரத்தால் மேய்ப்பவள். "வாஹே, கேக்!"

மணி பதினொன்றரை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சாமான்காரனுக்கு ஒரே ஒரு கௌரவம்தான் உண்டு: 'இல்லை' என்று சொல்லாமல் இருப்பது. இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்னதில்லை. அன்றும் என் வண்டிக் குளிர்பெட்டியில், யாருக்கும் சொல்லாமல், ஏழாவது கேக் இருந்தது. ஆர்லோ என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. கெஞ்சத் தெம்பு இல்லை.

"இல்ல" என்றேன்.

மார்ஸி தலையில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றினாள். "என்ன சொன்ன?"

"கேக் இல்ல மார்ஸி. தீந்துபோச்சு."

"வாஹே, போன வருஷம் ஒட்டகத்துக்கு மூக்குக்கண்ணாடி கேட்டதுக்கே ரெண்டு சைஸ் எடுத்து நீட்டினவன் நீ!"

"வயசாவுதுல்ல."

"கடையில வாங்கிட்டு வர முடியாதா?"

"இந்த அடுக்கு, இந்த உயரம், ராத்திரி பூரா செஞ்சாத்தான் உண்டு."

இது மட்டும் உண்மை. மார்ஸி என்னைப் பார்த்த பார்வையில் இருபத்திரண்டு வருடமும் கழுவிக்கொண்டு போனது. பிரேடன் மட்டும் மேஜைமேல் ஏறி நின்று, "பொருள் தீரும் இடத்தில்தான் கலை தொடங்குகிறது" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினான். கீழே விழவில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம். பிற்பகலில் வேறு ஏதோ எடுத்தார்கள். கேக் காட்சி நாளைக்கு என்று அறிவித்தார்கள். "ஸ்டகி, காலைல ஆறு மணி!" என்றாள் மார்ஸி. ஆர்லோ கையை உயர்த்தினார், தலையை அல்ல.

மறுநாள் காலை அந்த ஏழாவது கேக்கையே எடுத்து வைத்தேன். ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து வாங்கிவிட்டேன் என்று மார்ஸி பாராட்டினாள். பாதி கௌரவம் திரும்பி வந்தது. பிரேடன் முதல் டேக்கிலேயே சரியான கண்ணால் அழுதுவிட்டான். ஆறேமுக்காலுக்கு எல்லாம் முடிந்தது. முக்கால் மணி நேரமானாலும் நாள் நாள்தான், ஆர்லோ சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

நவம்பரில் நோரீனுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. பிரேடன் ஒரு விருது மேடையில், "ஒரு கேக்கின் முன்னால் மெய்ஞானம் அடைந்தேன்" என்று பேசினான். அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

ஜனவரியில் சங்கத்திலிருந்து வருடக் கணக்கு வந்தது. மார்ச்சில் ஒரு படத்துக்காக யூட்டாவுக்குப் பஸ்ஸில் போன நாளும் சங்க விதிப்படி வேலை நாள்தானாம். ஆர்லோ அதை எண்ணவே இல்லை. அன்று ஷெரிஃப் ஒரு வாய் கேக் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.