மகராசியின் கோணல் கோடு

அந்தச் சுடுதளத்தில் நாள் முழுக்க உழைத்துவிட்டு, லீவும் கேட்காமல் சம்பள உயர்வும் கேட்காமல் இருந்த ஒரே ஜீவன் மகராசிதான். மகராசி ஒரு கைத்துப்பாக்கி. பெயர் வைத்தவர் சுடுதளத்தின் முதலாளி. வாடகைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருகிற எதையும் அவர் மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்கள் கவுண்டரில் வந்து நின்றால் முதலில் எடுத்துக் கொடுப்பது மகராசியைத்தான். புதுப் பெண்டாட்டியிடம் வீரம் காட்ட வந்தவன், மேலதிகாரியின் முகத்தை இலக்குத்தாளில் ஒட்டிப் பார்க்கிற குமாஸ்தா, முழங்காலுக்கு நல்லது, நடங்கள் என்று வீட்டில் சொன்னால் நடந்து நேரே இங்கே வந்துவிடுகிற ஓய்வுபெற்ற பல் டாக்டர், எல்லார் கையிலும் அது புகுந்து புறப்பட்டது. சூடேறும், ஆறும், அடுத்த கைக்குப் போகும்.

சாயங்காலம் அது மெக்கானிக்கின் மேசைக்கு வரும். மெக்கானிக் வேறு யாருமில்லை, முதலாளியின் தங்கை புருஷன். பின்கட்டு ஜன்னலோரம் பச்சை ரப்பர் விரித்த மேசை அவருடையது. மகராசியை அங்கே பிரித்துப் போட்டு, குழலுக்குள் பித்தளை பிரஷ் விட்டுக் கரியை எடுத்து, பழைய பனியன் துணியால் துடைத்து, உலோகம் உரசுகிற இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடுவார். அதற்கு மேல் விடமாட்டார். "எண்ணெய் அதிகமானா கரி வந்து குடும்பம் நடத்த ஆரம்பிச்சிரும்" என்பார். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் அவர்தான் வைத்தியர். ஆனால் மகராசியை மட்டும் கடைசியில் எடுப்பார். தட்டில் பிடித்த பண்டத்தைக் குழந்தைகள் கடைசிக்கு ஒதுக்கி வைப்பார்களே, அந்த மாதிரி.

காரணம் அங்கே வருகிற எல்லாருக்கும் தெரியும். அது அவர் மனைவியின் துப்பாக்கி. அவள் அங்கே சுடக் கற்றுக்கொடுத்தவள். பெயரே டீச்சர் என்று ஆகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் வயிற்றில் ஒரு கட்டி வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. அவளுடைய அண்ணன், அதாவது நம் முதலாளி, எதையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழகாதவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய டாக்டரை நிறுத்தி, "உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், ஒரு அஞ்சு வருஷமாவது போட்டுக் குடுங்க" என்று கேட்டுப் பார்த்தார். வாழ்நாளில் அந்த ஒரு பேரம்தான் அவருக்குப் படியவில்லை.

அவள் போனபின் துப்பாக்கியை அலமாரியில் பூட்டிவிடலாம் என்றுதான் மெக்கானிக் நினைத்தார். மச்சான் முதலாளி விடவில்லை.

"பூட்டி வச்சா துரு வந்து குடியேறும் மாப்ளே. அவகிட்ட இருந்தப்போ அது ஒருநாள் சும்மா இருந்திருக்கா? ஓடட்டும் விடு."

மெக்கானிக் ஒத்துக்கொண்டார். ஓடினால்தானே தினமும் பிரிக்கலாம், துடைக்கலாம்.

ஓடிய ஓட்டத்தில் ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. குழல் மாறியது. காலித் தோட்டாவை இழுத்து வெளியே எறிகிற கொக்கி மாறியது. கைப்பிடியின் இரண்டு பக்கத்துப் பலகைகளும் போயின. மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடுகூடப் புதுசு.

"இதுல எந்தங்கச்சி துப்பாக்கி எங்க இருக்கு மாப்ளே? உறைதான் பழசு!" என்று மச்சான் கிண்டலடிப்பார்.

மெக்கானிக் ஃபிரேமைத் திருப்பிக் காட்டுவார். ஃபிரேம் என்பது மற்ற எல்லாம் வந்து உட்காருகிற உடம்பு. நம்பர் அதில்தான் பொறித்திருக்கும், அதனால் சட்டத்தின் கண்ணுக்கு அதுதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் உதிரி. ஆனால் அவர் காட்டுவது நம்பரை இல்லை. கைப்பிடியின் முன்பக்கத்தில், விரல் வழுக்காமல் இருக்க, டீச்சர் தன் கையாலேயே மெல்லிய அரம் போட்டுக் கோடு கோடாக அறுத்திருந்தாள். எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. கீழ்ப்பக்கம் ஒன்று மட்டும் கோணிக்கொண்டு அடுத்த கோட்டின் மேல் போய் விழுந்திருக்கும். இதே மேசையில் அவள் அறுத்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் என்னவோ சொல்லப்போக, அவள் குலுங்கிச் சிரித்துவிட்டாள், அரம் சறுக்கிவிட்டது. "பாருங்க, உங்களால என் துப்பாக்கிக்குக் கோணவாய்" என்றாளாம். இந்தக் கதையைக் கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. துடைக்கும்போது அவர் கட்டைவிரல் தானாக அங்கே போய் நின்றுவிடும்.

ஒருநாள் சாயங்காலம் ஃபிரேமைத் துடைத்து வைத்துவிட்டுத் துணியை உதறப் போனார். திரும்பி வந்து பார்த்தால், பக்கவாட்டில், ஸ்லைடு முன்னால் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துகிற குறுக்கு முள் நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஈரமாக ஒரு கோடு. சரியாகத் துடைக்கவில்லை போல என்று மறுபடி துடைத்தார். சற்று நேரத்தில் கோடு மறுபடி ஈரமாயிற்று. பூதக்கண்ணாடியை எடுத்தார். முடியைவிட மெல்லிசாக ஒரு விரிசல். உள்ளே புகுந்திருந்த எண்ணெய் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

விரிசல் ஓட்டைக்கு முன்பக்கம் இருந்தது. பின்பக்கம் இருந்திருந்தால் விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் வந்து ஃபிரேமை உதைக்கும். ஸ்பிரிங் ஒன்று அந்த உதையை வாங்கிக்கொண்டு ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளும். டீச்சர் எப்போதும் சாதாரண ஸ்பிரிங்தான் போடச் சொல்வாள். "அதுபாட்டுக்கு ஓடட்டுங்க, இறுக்காதீங்க" என்பாள். அவள் போனபிறகு, இந்த ஃபிரேம் உதை வாங்கி நைந்துபோய்விடுமே என்று பயந்து, மெக்கானிக் அதைவிட முரடான ஸ்பிரிங்கைப் போட்டார். உதை குறைந்தது வாஸ்தவம்தான். ஆனால் அந்த முரட்டு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் அனுப்பும்போதெல்லாம் அறைந்து அனுப்பியது. அந்த அறை அத்தனையும் குறுக்கு முள்ளில் விழுந்து, முள் ஓட்டையைக் கிழித்துவிட்டது. கொல்லைக் கதவுக்குப் பூட்டு போட்ட கையோடு வாசல் கதவைத் திருடனுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்.

உதிரிகளைப் பழையபடி சேர்த்து மாட்டினார். அலமாரியில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. விரிசல் விட்ட ஃபிரேமுக்குச் சட்டத்தில் ஒரே வைத்தியம்தான் உண்டு. அதிகாரி முன்னால் வெட்டிப் போடுவது.

"என்னப்பா, மூஞ்சி போணியாகாத கடை மாதிரி இருக்கு?" என்றாள் மகள், வீட்டில் தட்டை வைத்துக்கொண்டே. அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். நாக்கு தாய்மாமன் கொடுத்த சீர். அம்மா நின்ற இடத்தில் நின்று சுடக் கற்றுக்கொடுக்க இப்போதுதான் ஆரம்பித்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. தலவலி."

"நாளைக்குப் பல் டாக்டருக்கு நான்தான் கிளாஸ். மகராசிய வச்சு எடுக்கப்போறேன்."

"வேற எதையாவது எடேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மாதான் என்று சொன்னால் கேட்கிற பெண்ணா அவள்?

மறுநாள் பின்கட்டில் வேறொரு துப்பாக்கிக்குக் கொக்கி மாற்றிக்கொண்டிருந்தவர், கண்ணாடித் தடுப்பு வழியாகத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். பல் டாக்டர் ஒதுங்கி நிற்க, அவள் மகராசியை இரண்டு கையிலும் ஏந்தி இலக்குக்கு நேரே உயர்த்திக்கொண்டிருந்தாள். காதுமூடிகூடப் போடாமல் ஓடினார்.

"வை! கீழ வைடீ!"

மகள் பதறவில்லை. விரலை எடுத்து, தோட்டாக்களை இறக்கி, ஸ்லைடைத் திறந்து, முனையை இலக்குப் பக்கமே வைத்து மேடையில் கிடத்தினாள். அம்மா சொல்லிக்கொடுத்த வரிசை பிசகவில்லை. பிறகுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னப்பா இப்படிக் கத்துறீங்க? உசுரு போயிருச்சு."

"விரிசல் விட்டிருக்கு."

"இப்பவா?"

"நேத்தே பார்த்தேன்."

"நேத்தே பார்த்துட்டு, சும்மாதான்னு சொன்னீங்களா?" அவள் குரல் தாழ்ந்தது. "அம்மா இருந்திருந்தா உங்கள இந்த வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாங்க."

பொய்யில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பல் டாக்டர் நாகரிகமாக இலக்குத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சான் வந்து பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, நகைக்கடைக்காரன் கல்லைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

"வெல்டிங்ல பத்த வச்சிரலாமா?"

"அலுமினியம் மச்சான். சூடு பட்டா சுத்தி இருக்கிறதும் இளகிரும். அப்புறம் ஒருநாள் யார் மூஞ்சியிலயாவது வெடிக்கும்."

"சுடாம, சும்மா அலமாரியில?"

"தெரிஞ்சு வச்சிருந்தா உங்க லைசென்ஸ் போயிரும்."

"எதனால இப்படி ஆச்சு?"

"நான் போட்ட ஸ்பிரிங்கால. பத்திரமா இருக்கட்டும்னு போட்டேன்."

மச்சானின் வாயில் எப்போதும் தயாராக ஒரு நக்கல் இருக்கும். அன்றைக்கு மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்து, "கண்ணாடியக் கழட்டித் துடை மாப்ளே. பனிச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். நம்பரைச் சரிபார்த்தார். எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். கைப்பிடியில் போட்ட கோடு சரியாக அந்தக் கோணல் கோட்டின் தலையிலேயே விழுந்தது. மெக்கானிக் பார்த்தார், குனிந்துகொண்டார்.

"மேடம்," என்று ஆரம்பித்தார் மச்சான், "ஒரு விரல் மேல தள்ளிக்குங்களேன்."

"ரூல்னா ரூல் சார்."

"ரூல் கைப்பிடியில வெட்டணும்னுதானே சொல்லுது? கைப்பிடி இம்புட்டு நீளம் இருக்கு. இங்கதான்னு குறிச்சுப் போட்டிருக்கா?"

"இது என்ன காய்கறிக் கடையா, பேரம் பேசுறதுக்கு?"

"காய்கறிக் கடையா இருந்தா வெட்டவே கூடாதுன்னு ஆரம்பிச்சிருப்பேன் மேடம். உங்க மரியாதைக்குத்தான் ஒரு விரலோட நிறுத்திக்கிட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "எந்தங்கச்சி கை போட்ட கோடு அது."

அந்த அம்மா மச்சானைப் பார்த்தார், குனிந்து நிற்கிற மெக்கானிக்கைப் பார்த்தார், சுண்ணாம்புக் கோட்டைப் பெருவிரலால் அழித்தார். ஒரு விரல் மேலே போட்டார்.

"வெட்டின துண்டு?" என்றார் மச்சான். விட்டால் அவர் வியாபாரியே இல்லை.

"நம்பர் இருக்கிற துண்டு எனக்கு. இது வெறும் அலுமினியம். ரசீது மட்டும் கேட்காதீங்க."

அறுத்தது மெக்கானிக்தான். மேசை ஓரத்துப் பிடிசிராவியில் வைத்து இறுக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் தோல் துண்டு வைத்தார், கீறல் விழாமல் இருக்க.

"வெட்டப்போறதுக்கு எதுக்குங்க தோல்?" என்று கேட்டார் அதிகாரி அம்மா. கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரம்பம் போய் வந்தது. பச்சை ரப்பரில் வெள்ளையாகத் தூள் விழுந்தது.

அன்று சாயங்காலம் மேசையில் பிரிப்பதற்கு எதுவும் இல்லை. மெக்கானிக் கையில் அந்தத் துண்டு மட்டும் இருந்தது. விரலைக் கிழிக்காமல் இருக்க நாலு ஓரத்தையும் அரத்தால் மழுக்கியிருந்தார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாங்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு லேசா இருக்கு?" என்றாள். விரல் கோடு கோடாக இறங்கி, கோணல் கோட்டில் தடுக்கி நின்றது.

"அப்பா, அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

"என்னிக்கு?"

"அம்மா சிரிச்சாங்கல்ல. அரம் சறுக்கிச்சே. என்ன சொல்லிச் சிரிக்க வச்சீங்க?"

எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய கதை. கடகடவென்று சொல்ல வாயைத் திறந்தார். அன்றைய ஜன்னல் வெயில் ஞாபகம் வந்தது. டீச்சர் முடியை முடிச்சுப் போட்டு அதில் பென்சிலைச் செருகியிருந்தது வந்தது. கோணவாய் என்று அவள் சொன்னது அதே குரலில் வந்தது. அவர் சொன்னது மட்டும் வரவில்லை.

"ஏதோ..." என்றார். "நல்ல ஜோக்குதான். நீ இரு..."

எழுந்து தடுப்புக் கதவுவரை போனார். "மச்சான், அன்னிக்கு டீச்சர்கிட்ட நான் என்ன சொன்னேன்னு உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

மச்சான் கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்தார். "சிரிச்சான்னு சொல்லியிருக்க. எதுக்குன்னு சொன்னதில்லையே மாப்ளே."

மெக்கானிக் திரும்பி வந்து உட்கார்ந்தார். துண்டை வாங்கிக் கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"பரவால்லப்பா, விடுங்க" என்றாள் மகள்.

"இல்ல, இரு. இந்தா வந்திரும்."

மச்சான் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். ஆளில்லாத இடத்தில் ஒரு பல்பு எரிந்தால் தன் ரத்தமே எரிகிற மாதிரி துடிக்கிற மனிதர். பின்கட்டு வரைக்கும் வந்தவர், சுவிட்சில் கையை வைத்தார். மேசையருகே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையும், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மருமகளையும் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார்.