கோப்புப் படம்

படம் இல்லாத செய்தியை எங்கள் நாளிதழ் நாலு வரியாக நறுக்கி உள்பக்க மூலையில் போட்டுவிடும். பதினோரு வருடமாக மாமல்லபுரம் நிருபராக இருக்கிறேன், எனக்கா இது தெரியாது? அதனால்தான் அந்தப் படத்தை அனுப்பினேன். இப்போது யோசித்தால் தப்பு யாருடையது என்றே விளங்கவில்லை.

எங்கள் தெருவில் இரண்டே நாளில் பதினேழு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது, கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம் என்றார் சுகாதார ஆய்வாளர் பரணிதரன். ஓர் எழுத்து விடாமல் எழுதி, குழாயைப் படமெடுத்து அனுப்பினேன். குழாயை யார் பார்ப்பார்கள், ஆள் இருக்கிற படமாக வேண்டும் என்றார் உதவி ஆசிரியர் லக்ஷ்மிநாராயணன். போனைத் துழாவினேன். போன கோடையில் ‘சர்பத் விற்பனை ஜோர்’ என்று எழுதியபோது எடுத்த படம் கிடைத்தது. தெருமுனையில் சர்பத் கடை வைத்திருக்கிற சுல்தான் பீவி அக்கா, முன்னால் வரிசையாகக் கண்ணாடித் தம்ளர்கள். தம்ளர் என்றால் தண்ணீர்தானே என்று தட்டிவிட்டேன்.

மறுநாள் ‘அசுத்தத் தண்ணீர்: 17 பேர் பாதிப்பு’ என்று நான்கு பத்தி அகலத்தில் வந்தது. படத்துக்குக் கீழே எறும்பு அளவில் ‘கோப்புப் படம்’ என்று அச்சாகியிருந்தது. பெருமையில் இரண்டு டீ குடித்தேன். பத்து மணிக்குள் தலைப்பையும் படத்தையும் மட்டும் வெட்டியெடுத்து ஊரே ஸ்டேட்டஸ் வைத்துவிட்டது. குழாய் என்ற வரியும் கொதிக்கவைக்கச் சொன்ன வரியும் வெட்டியதில் போய்விட்டன.

அக்கா கடையில் ஈ காக்கை இல்லை. எதிரே குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. “நல்ல வேள போட்டீங்கோ அண்ணாத்த. இனிமே கடத்தண்ணிய தொடவே மாட்டோம்” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் குடத்தை நிரப்பினார். குழாயில்தான் கோளாறு என்றேன். பேப்பரில் அப்படிப் போடவில்லையே என்று போனை நீட்டினார். எழுதினவன் நான், என்னிடமே காட்டுகிறார். எரிச்சலாக வந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது.

சுல்தான் பீவி அக்கா சத்தம் போடவில்லை. தினமும் விடிகாலையில் அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவிடுகிறவர் அவர். தெருவில் நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீர் அது ஒன்றுதான். அது பழைய படம், கீழேயே போட்டிருக்கிறது என்று இழுத்தேன்.

“படத்துல கீறது நான்தான தம்பி? அப்போ நோவும் என்னாண்டதான்னு சொல்றாங்கோ. நான் இன்னா பண்ணேன்?”

அவமானமாக இருந்தது. உடனே திருத்தம் அனுப்பினேன். நாளைக்கு வரும், நாலு வரி, படம் கிடையாது என்றார் லக்ஷ்மிநாராயணன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் என் ஒன்பது வயது மகள் அதிதி துவண்டு கிடந்தாள். காலையிலிருந்து ஆறு முறை போயிருக்கிறது. என்ன குடித்தாள் என்று கேட்டேன்.

“நீங்க போட்டத மொதல்ல ஸ்டேட்டஸ் வெச்சதே நான்தான்” என்றாள் என் மனைவி துர்காதேவி. “சர்பத் கட பக்கமே போவாதன்னு சொல்லி, வூட்டுத் தண்ணிதான் குடுத்துகினு கீறேன்.”

வீட்டுத் தண்ணீரும் அந்தக் குழாயிலிருந்து வருவதுதான். கொதிக்கவைக்க வேண்டும் என்று வீட்டில் வாயைத் திறந்து சொன்னேனா? ஊருக்கே எழுதியாயிற்று, வீட்டுக்குத் தனியாக வேறா என்று இருந்துவிட்டேன். கோபப்பட ஆள் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். தெருமுனையில் சுல்தான் பீவி அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். குழந்தையைப் பார்த்தவர், கொதித்து ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டோ நகர்ந்ததும் பாட்டிலைத் திறந்து அதிதியின் வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அந்தக் கடத் தண்ணி வாணாம்பா. நீதான பேப்பர்ல போட்ட.”

முதலில் நான் ஒரு வாய் குடித்துக் காட்டினேன். அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.